வளரும் தலைநகரை எந்தக் கோலால் அளப்பது?

(தோட்டத் தொழிலாளர் கல்வி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)





சென்ற வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு தாய் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, கோலாலம்பூர் வட்டாரம் சிங்கப்பூர், பாங்காக், ஜகார்த்தாவோடு போட்டி போட்டு முன்னேறுகிறது என்று என் மகன் பத்திரிகையில் படித்துச் சொன்னான். முன்னேறினால் சந்தோஷம்தான். ஆனால் இதை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? எந்தத் தராசில் நிறுத்தார்கள்?" என்றார் அவர்.

அன்று நேரமில்லை. இன்று அந்தக் கேள்விக்கே முழு வகுப்பையும் ஒதுக்கியிருக்கிறோம்.

"நகரத்தின் கணக்கு நமக்கெதற்கு? நாம் தோட்டத்து மக்கள் ஆயிற்றே" என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. இந்த நகர வட்டாரம் எதன்மேல் எழுந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1950-களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா உருவானது எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்து நிலத்தில். 1970-களில் சுபாங் ஜெயா எழுந்தது சீஃபீல்டு தோட்டத்து நிலத்தில். 1990-களின் நடுவில் புத்ராஜெயா நிர்வாக நகரத்துக்கு நிலம் எடுத்தபோது பிராங் புசார், கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் இடம்பெயர்ந்து டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். ரப்பர் மரம் நின்ற இடத்தில் இன்று ரயில் ஓடுகிறது, காரியாலயம் நிற்கிறது. ஆகவே அந்த நகரத்தின் வரவு செலவைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. உரிமை இருந்தால் போதாது. கணக்கைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். இந்தக் கணக்கின் அடிப்படை நமக்கு முன்பே தெரியும். ஸ்டோரில் நாம் வாளியை வைக்கிறோம். கிராணி எடையைப் பார்க்கிறார். எடையோடு விட்டுவிடுகிறாரா? இல்லை. மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டுப் பார்க்கிறார். காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிடுகிறார். மழை நாளில் வாளி கனக்கும், ரப்பர் குறையும். வாளியின் எடை ஒன்று, அதிலிருக்கும் ரப்பர் வேறொன்று.

ஒரு நகரத்தின் பொருளாதாரமும் அப்படித்தான். "மொத்த உற்பத்தி இத்தனை கோடி" என்பது வாளியின் எடை. அது பொய்யல்ல, வேண்டிய கணக்குத்தான். ஆனால் அது பாதிக் கணக்கு. அதில் உழைக்கும் குடும்பத்துக்குத் தேறுவது எவ்வளவு என்பதே மீதிக் கணக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு நகரத்தை இன்னொரு நகரத்தோடு நியாயமாக ஒப்பிட முடியும்.

முதலாவது, எல்லை.

இரண்டு பால்வெட்டுத் தொழிலாளர்களை ஒப்பிடுவதென்றால் முதலில் என்ன கேட்போம்? "இவருக்கு எத்தனை மரம்? அவருக்கு எத்தனை மரம்?" என்று கேட்போம். நகரத்துக்கும் அதே கேள்விதான். எதுவரை நகரம்?

கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் 1974-இல் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் பரப்பு 243 சதுர கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் அங்கே 19 லட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆனால் தினமும் காலையில் காஜாங், கிள்ளான், ரவாங், பூச்சோங் என்று நாலா பக்கத்திலிருந்தும் லட்சக்கணக்கானோர் உள்ளே போய் வேலை செய்துவிட்டு மாலையில் வெளியே வருகிறார்கள். அவர்கள் பகலில் உண்டாக்கும் பொருளின் மதிப்பு கோலாலம்பூர்க் கணக்கில் ஏறுகிறது. அவர்களின் தலை சிலாங்கூர்க் கணக்கில் ஏறுகிறது. உற்பத்தியைத் தலைகளால் வகுத்தால் என்ன ஆகும்? 2022-இல் கோலாலம்பூரின் தலைக்கு உற்பத்தி ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் வந்தது. சிலாங்கூரைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு.

அப்படியானால் கோலாலம்பூர்க் குடும்பம் சிலாங்கூர்க் குடும்பத்தைப் போல் இரு மடங்கு வசதியாக வாழ்கிறதா? அதே 2022-இல் எடுத்த குடும்ப வருமானக் கணக்கைப் பாருங்கள். வருமானப்படி எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் மாத வருமானம் கோலாலம்பூரில் 10,234 வெள்ளி. சிலாங்கூரில் 9,983 வெள்ளி. வித்தியாசம் 251 வெள்ளி! உற்பத்திக் கணக்கில் இரு மடங்கு. வீட்டுக் கணக்கில் ஏறக்குறைய சமம். எல்லைக் கோடு செய்யும் வேலை இது. ஆகவே கோலாலம்பூரைத் தனியாக நிறுத்திப் பெருமை பேசுவதும் சரியில்லை, சிலாங்கூரைத் தனியாக நிறுத்தித் தாழ்த்துவதும் சரியில்லை. இரண்டும் ஒரே வீட்டின் கூடமும் அடுப்படியும் போல. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதே முறை.

மற்ற நகரங்களுக்கும் இதே முறையைக் கையாள வேண்டும். ஜகார்த்தா என்றால் ஜகார்த்தா மாத்திரமா, போகோர், டெப்போக், தாங்கராங், பெக்காசி சேர்ந்ததா? முன்னதில் 2020-இல் ஒரு கோடியே ஐந்து லட்சம் பேர். பின்னதையும் சேர்த்தால் மூன்று கோடி அளவு. பாங்காக் என்றால் சுற்றியுள்ள ஐந்து மாநிலங்கள் சேர்ந்ததா, சேராததா? மணிலா வட்டாரமோ 16 நகரங்களும் ஒரு சிற்றூராட்சியும் சேர்ந்தது. சிங்கப்பூர் நகரமும் தானே, நாடும் தானே. அதற்குப் பின்னால் கிராமமில்லை, தோட்டமில்லை. ஆனால் தினமும் ஜோகூரிலிருந்து பாலம் கடந்து போய் உழைக்கும் நம்மவர் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பு சிங்கப்பூர் உற்பத்தியில் சேரும். அவர்கள் தலை அங்கே சேராது. ஆகவே யாராவது "நாம் இரண்டாவது இடம், ஐந்தாவது இடம்" என்று சொன்னால், "எதுவரை அளந்தீர்கள், ஐயா?" என்பதே நம் முதற் கேள்வியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அளவுகோல்.

ஒருவர் கட்டியில் நிறுக்கிறார், இன்னொருவர் கிலோவில் நிறுக்கிறார். எண்ணை மாத்திரம் ஒப்பிட்டால் சண்டைதான் வரும். நகரங்களை ஒப்பிடும்போது எல்லா நாட்டுப் பணத்தையும் அமெரிக்க டாலராக மாற்றுகிறார்கள். அங்கேதான் கோல் நீளும், சுருங்கும்.

1997-ஐ நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள் தாய்லாந்து தன் பாத் நாணயத்தை மிதக்கவிட்டது. அதைத் தொடர்ந்து ரூப்பியா விழுந்தது. நமது வெள்ளியும் விழுந்தது. நெருக்கடிக்கு முன் ஒரு டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை வெள்ளி. 1998-இன் தொடக்கத்தில் அது நான்கு வெள்ளியைத் தாண்டியது. பிறகு 1998 செப்டம்பரில் 3 வெள்ளி 80 காசு என்று கட்டிவைத்து, 2005 ஜூலையில் அவிழ்த்துவிட்டார்கள். அந்தச் சில மாதங்களில் டாலர்க் கணக்கில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பொருளாதாரம் மளமளவென்று சுருங்கியது போலத் தெரிந்தது. தொழிற்சாலைகள் மண்ணுக்குள் புதைந்துவிட்டனவா? இல்லை. துன்பம் வந்தது உண்மை, வேலை போனவர்கள் இருந்தார்கள். ஆனால் டாலர்க் கணக்குக் காட்டிய அளவுக்கு உற்பத்தி விழவில்லை. விழுந்ததில் பெரும் பங்கு நாணய மதிப்பு.

இதற்குப் பொருளாதார அறிஞர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அந்தந்த ஊரில் அரிசி, மீன், வாடகை, பஸ் கட்டணம் என்ன விலை என்று பார்த்து, அங்கே கிடைக்கும் கூலியால் எவ்வளவு வாங்க முடியும் என்று கணக்கிடுகிறார்கள். வாங்கும் சக்தி என்று இதற்குப் பெயர். சந்தைக்குப் போகும் நம் தாய்மார்கள் எந்தப் பள்ளியிலும் படிக்காமலே தினம் போடும் கணக்கு இது.

மூன்றாவது, வேகம்.

இளமரம் சீக்கிரம் பருக்கும். முதிர்ந்த மரம் மெல்லப் பருக்கும். அதனால் இளமரம் அதிகப் பால் தருகிறது என்று சொல்வோமா? வியட்நாமில் 1986-இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. அதன்பின் ஹோ சி மின் நகரம் வேகமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சி தாழ்ந்த நிலையிலிருந்து தொடங்கியது. அதன் வேகத்தைக் காட்டி நம்மை மட்டம் தட்டுவதும் நியாயமில்லை. சிங்கப்பூர் ஓராண்டு மெதுவாக வளர்ந்தது என்பதைக் காட்டி, "நாம் அவர்களை மிஞ்சிவிட்டோம்" என்று மார்தட்டுவதும் நியாயமில்லை. வேகத்தையும் உயரத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஓர் ஆண்டை மாத்திரம் பார்க்காமல் பத்தாண்டுகளைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பாலை வைத்து ஒரு மரத்தின் குணத்தைச் சொல்ல முடியாது அல்லவா?

நான்காவது, பங்கு. தோழர்களே, இதுதான் நம் மெட்ரோலாக்.

பினாங்கை எடுத்துக்கொள்வோம். 1972 முதல் பாயான் லெப்பாஸ் பகுதியில் வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் நிறைந்தன. 2022-இல் பினாங்கின் தலைக்கு உற்பத்தி சிலாங்கூரைவிட அதிகம். ஆனால் நடுக் குடும்பத்தின் மாத வருமானம் பினாங்கில் 6,502 வெள்ளி. சிலாங்கூரில் 9,983 வெள்ளி. ஏன்? காரணம் இரண்டு. சிலாங்கூர்க்காரர் பலர் கோலாலம்பூரில் சம்பாதித்துச் சிலாங்கூருக்குக் கொண்டுவருகிறார்கள். பினாங்கில் உண்டாகும் பொருளின் மதிப்பில் ஒரு பகுதி இலாபமாகக் கடல் கடந்து போகிறது. உற்பத்தி நடக்கும் இடம் ஒன்று. அதன் பலன் போய்ச் சேரும் இடம் வேறு. இதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்கவும் வேண்டுமா? நம் பாட்டன் வெட்டிய பால் இங்கே. அதன் இலாபப் பங்கு பிரிக்கப்பட்டது லண்டனில் அல்லவா!

நாட்டுக் கணக்கில் இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. உண்டான ஒவ்வொரு 100 வெள்ளியிலும் உழைப்பவர் சம்பளமாகப் போனது எவ்வளவு? மலேசியாவில் 2022-இல் அது சுமார் 32 வெள்ளி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சிறுதோட்டக்காரர், கடைக்காரர் போலத் தன் கையால் தொழில் செய்பவரின் வருமானம் இதில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்தப் பங்கு சிறியது. பன்னிரண்டாம் மலேசியத் திட்டமே 2025-க்குள் இதை 40 வெள்ளியாக உயர்த்த வேண்டும் என்று இலக்கு வைத்தது. பங்கு போதாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது என்றுதானே பொருள்?

ஆகவே நகரங்களை ஒப்பிடுவோர், "எந்த நகரத்தில் அதிக உற்பத்தி?" என்பதோடு, "எந்த நகரத்தில் 100-க்கு எத்தனை வெள்ளி உழைப்பவன் கைக்கு வருகிறது?" என்றும் கேட்க வேண்டும்.

இங்கே நடு வருமானத்துக்கும் சராசரிக்கும் உள்ள பேதத்தையும் மனத்தில் வையுங்கள். 2022-இல் நாட்டின் குடும்ப வருமானச் சராசரி 8,479 வெள்ளி. நடுக் குடும்பத்தின் வருமானம் 6,338 வெள்ளி. மேலே நிற்கும் சிலரின் பெரிய வருமானம் சராசரியைத் தூக்கிவிடுகிறது. பத்துப் பேர் நிற்கும் வரிசையில் தோட்டத் துரையும் வந்து நின்றால் சராசரிச் சம்பளம் உயரும். நம் சட்டைப் பையில் ஒரு காசு கூடாது. மேலும், குடும்ப வருமானம் என்பது வீட்டில் சம்பாதிக்கும் எல்லோர் வருமானமும் சேர்ந்தது. ஒருவர் சம்பாதித்து வந்த தொகையா, நால்வர் உழைத்து வந்த தொகையா என்று அந்த எண் சொல்லாது.

ஐந்தாவது, மீதி.

ஒரு கணக்குப் போடுவோம். இது உதாரணத்துக்காக நாமே வைத்துக்கொள்ளும் கணக்கு. தோட்டத்தில் தகப்பனுக்கு 1,700 வெள்ளி சம்பளம். லயத்து வீட்டுக்கு வாடகையில்லை. மகன் பூச்சோங் பக்கம் ஒரு கிடங்கில் 2,300 வெள்ளிக்கு வேலைக்குப் போகிறான். புள்ளிவிவரப்படி மகன் 600 வெள்ளி உயர்ந்துவிட்டான். ஆனால் அறை வாடகை 400, மோட்டார் சைக்கிள் தவணையும் எண்ணெயும் 350 என்றால், மகன் கையில் மிஞ்சுவது 1,550. தகப்பன் நிலையிலிருந்து 150 வெள்ளி கீழே! சாப்பாட்டுச் செலவை நாம் இன்னும் தொடவில்லை. இதனால் மகன் நகரத்துக்குப் போனது தவறு என்று நாம் சொல்லவில்லை. அவனுக்குத் தொழில் கற்க வழியுண்டு, மேலே ஏற ஏணியுண்டு. தகப்பனுக்கோ, வேலை முடிந்த நாளில் வீடும் முடிந்தது. ஆனால் சம்பள எண்ணை மாத்திரம் பார்த்து "உயர்ந்தான்" என்று எழுதுவது முழு உண்மையாகாது.

நகரத்துக்கும் வெளிப்புறத்துக்கும் உள்ள இந்த வேற்றுமையைச் சட்டமும் ஒரு காலம் ஒப்புக்கொண்டது. 2020 பிப்ரவரி முதல் மாநகர, நகராண்மைப் பகுதிகளில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி. மற்ற இடங்களில் 1,100 வெள்ளி. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 100 வெள்ளி குறைவு! அரிசி விலை அந்தக் கோட்டைப் பார்த்து நின்றதா? 2022 மே முதல் 1,500 என்றும், 2025 பிப்ரவரி முதல் 1,700 என்றும் உயர்த்தியபோது இந்தப் பேதம் நீக்கப்பட்டிருந்தது. நல்லதுதான்.

தோழர்களே, இலக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-இல் அரசாங்கம் பெரிய கோலாலம்பூர்த் திட்டத்தை அறிவித்தது. 2020-க்குள் உலகில் வாழத் தகுந்த முதல் 20 நகரங்களில் ஒன்றாகவும், பொருளாதார வளர்ச்சியில் முதல் 20-இல் ஒன்றாகவும் ஆக்குவது என்றார்கள். மக்கள் தொகையை 60 லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்துவது என்றார்கள். 2020-இல் கணக்கெடுத்தபோது சிலாங்கூர் முழுவதையும், கோலாலம்பூரையும், புத்ராஜெயாவையும் கூட்டினாலும் சுமார் 91 லட்சம்தான் வந்தது. அதே ஆண்டில் பெருந்தொற்று வந்து நாட்டின் உற்பத்தியே ஐந்து சதவிகிதத்துக்கு மேல் சுருங்கியது. இலக்கு வைப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தத் "தகுந்த நகரம்" என்ற பட்டியல்கள் யாருக்காகப் போடப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். அவற்றில் பேர்பெற்ற ஒன்று, வெளியூருக்கு அனுப்பும் அதிகாரிகளுக்கு எவ்வளவு கஷ்டப்படி தர வேண்டும் என்று கம்பெனிகள் கணக்கிட உதவுவதற்காக வளர்ந்தது. விமானத்தில் வந்திறங்கும் அதிகாரிக்கு வசதியான நகரமும், விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு வசதியான நகரமும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் வளர்ச்சி என்பதெல்லாம் வெறும் பேச்சா?" என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் உண்டாகிறது. 2022-இல் இங்குள்ள நடுக் குடும்பத்தின் வருமானம் நாட்டின் நடுக் குடும்பத்தைவிட மூவாயிரத்து அறுநூறு வெள்ளிக்கு மேல் அதிகமாக இருந்தது. ஷா ஆலாம் தொழிற்சாலைகளும், கிள்ளான் துறைமுகமும், பல்கலைக்கழகங்களும், ஆஸ்பத்திரிகளும் நம் பிள்ளைகள் பலரை லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தன. இதை மறுப்பவன் உண்மை பேசுபவனல்ல. வாளி கனமாக இருப்பது நல்லதே. அதிலுள்ள ரப்பரையும் அளந்து, வெட்டியவன் பங்கைக் குறையாமல் கொடு என்பதே நம் வழக்கு.

இனிச் செய்ய வேண்டியது என்ன? நகர வளர்ச்சியைப் பற்றி யார் பேசினாலும், சம்பளப் பேச்சுவார்த்தை மேசையிலானாலும் தேர்தல் மேடையிலானாலும், ஐந்து கேள்விகளைப் பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். எதுவரை அளந்தீர்கள்? எந்தப் பணத்தில் அளந்தீர்கள்? எத்தனை ஆண்டுகளைப் பார்த்தீர்கள்? உழைப்பவன் பங்கு எவ்வளவு? வாடகையும் பயணமும் போக மீதி எவ்வளவு?

கிராணிமார்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். எண்களோடு பழகிய கை உங்களுடையது. கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நம் தோட்டத்திலிருந்து நகரத்துக்குப் போன குடும்பங்கள், தோட்டத்திலேயே இருக்கும் குடும்பங்கள் இரண்டிலும், சம்மதித்துச் சொல்பவர்களிடம் கேட்டு, பெயர் எழுதாமல், சம்பளம், சம்பாதிப்பவர் எண்ணிக்கை, வாடகை, பயணச் செலவு, மீதி இவற்றை ஆண்டுக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். ஐந்தாண்டு எழுதினால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஓர் அறிக்கையைத் தூக்கும்போது நம் கையிலும் ஓர் அறிக்கை இருக்கும்.

கேள்வி கேட்ட அந்தத் தாய் இன்றும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அம்மா, உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இது: அந்தத் தராசு பொய்த் தராசு அல்ல. ஆனால் அதில் ஒரு தட்டைத்தான் இதுவரை உங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். மறு தட்டில் வைக்க வேண்டிய கணக்கு உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. அதை எழுதிக்கொண்டு வாருங்கள். நாம் சேர்ந்தே நிறுப்போம்.